12 நிமிடம் வெட்டினால் படம் பிழைக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரிய நடிகரின் படம் வெளியாகி, திங்கட்கிழமை காலைக் காட்சிக்கு ஆள் இல்லாமல் போனால் பழியைச் சுமக்க இரண்டு பேர் தயாராக இருக்கிறார்கள். தியேட்டர் வாசலில் மைக் நீட்டும் யூடியூபர் ஒருவர். செல்போன் பார்த்தே பழகிப் பொறுமை இழந்துவிட்டதாகச் சொல்லப்படும் ரசிகர் இன்னொருவர். 2024 நவம்பரில் தயாரிப்பாளர் சங்கத் தரப்பில், முதல் நாள் தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப் சேனல்களை விடக் கூடாது என்று அறிக்கை வந்தது. படம் வெளியான முதல் மூன்று நாட்களுக்கு இணையத்தில் விமர்சனமே வரக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள். நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. காசு வாங்கிக்கொண்டு படத்தைக் காலி செய்கிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் இடைவேளையில் பாப்கார்ன் வாங்க வெளியே வந்தவர் அப்படியே பார்க்கிங்குக்குப் போய் வண்டியை எடுத்தால், அவரை அனுப்பி வைத்தது யூடியூபர் அல்ல.

ரசிகருக்குப் பொறுமை இல்லை என்ற வாதமும் நிற்காது. அதே 2024 ஏப்ரலில் ‘கில்லி’ மறுவெளியீடு ஆனது. 20 வருடப் பழைய படம். இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஓடும். டிவியில் போட்டுப் போட்டு வசனம் எல்லாருக்கும் மனப்பாடம். அரங்குகள் நிறைந்தன. அதற்கு இரண்டு மாதம் முன்பு வந்த ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ மலையாளப் படம். தமிழில் டப்பிங்கூட செய்யாமல், நம்மூர் நட்சத்திரம் ஒருவரும் இல்லாமல், தமிழ்நாடு முழுக்க வாரக்கணக்கில் ஓடியது. செல்போனை எடுக்காமல் இரண்டு மணி நேரம் உட்காரத் தெரிந்த அதே கூட்டம்தான் அடுத்த மாதம் வேறொரு படத்துக்கு வந்து 40-வது நிமிடத்தில் வாட்ஸ்அப் திறக்கிறது.

எனவே படத்தைத்தான் பார்க்க வேண்டும். அதிலும் முதலில் பார்க்க வேண்டியது, தோற்ற படத்துக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் மருந்தை. 2024 ஜூலையில் ‘இந்தியன் 2’ வெளியான சில நாட்களில் 12 நிமிடம் குறைக்கப்பட்டது. நவம்பரில் ‘கங்குவா’விலும் 12 நிமிடம் போனது. இரண்டுக்கும் கதை வேறு, நீளம் வேறு, நோய் வேறு. டோஸ் மட்டும் ஒன்று.

இறுதி ஒலிக்கலவை முடிந்த படத்தில் நினைத்த இடத்தில் கத்தரி வைக்க முடியாது. பின்னணி இசை ஒரு காட்சியின் நடுவில் தொடங்கி அடுத்த காட்சியின் பாதி வரை ஓடும். இடையில் 20 வினாடி எடுத்தால் இசை குதிக்கும், காதுக்குத் தெரிந்துவிடும். சரியாகச் செய்ய வேண்டுமென்றால் வசனம், இசை, எஃபெக்ட்ஸ் மூன்றையும் தனித்தனி ட்ராக்காகத் திரும்பத் திறந்து, அந்த இடத்தை மறுபடி மிக்ஸ் செய்து, 5.1, அட்மாஸ் என்ற இரண்டு தியேட்டர் ஒலி முறைகளுக்கும் தனித்தனியாக எடுத்து, புதிய டி.சி.பி. (தியேட்டரில் ஓடும் டிஜிட்டல் படக் கோப்பு) போட்டு, தியேட்டர்களுக்கு அதைத் திறக்கும் புதிய கே.டி.எம். என்ற டிஜிட்டல் சாவி அனுப்ப வேண்டும். சான்றிதழ் வாங்கிய படம் என்பதால் வெட்டிய விவரத்தைத் தணிக்கை வாரியத்துக்கும் தெரிவிக்க வேண்டும். இதெல்லாம் இரண்டு மூன்று நாளில் நடக்க வேண்டும் என்றால், இசை எங்கே நின்று மூச்சு விடுகிறதோ அங்கேதான் எந்த எடிட்டரும் வெட்டுவார். போவது முழுக் காட்சிகள்: ஒரு பாட்டு, ஒரு காமெடி ட்ராக், நாயகியின் மிச்சமிருந்த இரண்டு காட்சி. ரசிகருக்கு அலுப்புத் தட்டியது அந்த இடங்களில்தானா என்று யாரும் கேட்பதில்லை. பல சமயம் அலுப்பு தட்டுவது சண்டைக் காட்சியில். ஆனால் அதற்குத்தான் அதிகம் செலவழித்திருக்கிறார்கள், இசையும் தொடர்ச்சியாக ஓடுகிறது, எனவே அது தப்பித்துவிடும்.

2022 டிசம்பரில் ‘பாபா’ புதுத் தொகுப்பாக வந்ததே என்று கேட்கலாம். அது 20 வருடம் கழித்து, நிதானமாக வெட்டி, ஒலியைப் புதுப்பித்து, நாயகனே மறுபடி டப்பிங் பேசிச் செய்த வேலை. வெளியான வாரத்தில் அவசரமாகச் செய்வது அந்தக் கணக்கில் சேராது.

நீளத்தைக் குறைக்கச் சொல்லும் அழுத்தம் எப்போதும் ரசிகரிடமிருந்து வருவதும் இல்லை. பெரிய படங்களுக்கு ஐந்து காட்சி அனுமதிக்கும்போது முதல் காட்சி காலை 9 மணிக்குத் தொடங்கலாம், கடைசிக் காட்சி இரவு 2 மணிக்குள் முடிய வேண்டும் என்பது இங்கே விதி. 17 மணி நேரத்தை ஐந்தால் வகுத்தால் ஒரு காட்சிக்கு 204 நிமிடம். இடைவேளைக்கு 15, விளம்பரத்துக்கு 10, கூட்டத்தை வெளியேற்றித் தரையைக் கூட்ட 15 என்று கழித்தால் படத்துக்கு மிஞ்சுவது 160 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். மூன்று மணி நேரப் படம் என்றால் ஒரு காட்சி காலி. தியேட்டர்காரருக்கு அது பணம். அவர் கேட்பது நியாயம். அதை ‘ரசிகர்களின் வேண்டுகோளை ஏற்று’ என்று போஸ்டரில் போடுவதுதான் சிரிப்பாக இருக்கிறது.

படம் எங்கே கைவிட்டுப் போகிறது? பெரும்பாலும் முதல் முக்கால் மணி நேரத்திலேயே. 150 நிமிடப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நன்றி கார்டு, லோகோக்கள், புகையிலை எச்சரிக்கை 3 நிமிடம். நாயகன் வருவதற்கு முன் மற்றவர்கள் அவரைப் பற்றிப் பேசும் பில்டப் 5. அறிமுகச் சண்டை 6. அறிமுகப் பாட்டு நாலரை. நண்பர்களோடு கலாட்டா 6. நாயகி அறிமுகம் 5. காதல் வளரும் இரண்டு காட்சி 7. டூயட் 4. வில்லன் எவ்வளவு கொடூரமானவர் என்று காட்ட, அவர் தன் ஆளையே சுட்டுத் தள்ளும் காட்சி 4. கூட்டினால் 44½ நிமிடம். இதில் நாயகனுக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரி வரவில்லை. அது கிடைக்காமல் போனால் அவருக்கு என்ன நஷ்டம் என்று தெரியவில்லை. இடைவேளை 75-வது நிமிடத்தில். மிச்சமிருக்கும் அரை மணி நேரத்தில் பிரச்சினையைத் தொடங்கி, வளர்த்து, இடைவேளைக்கு ஒரு திருப்பமும் வைக்க வேண்டும். அதனால்தான் நமது படங்களில் இடைவேளைக்கு முன் எல்லாம் ஓட்டமாக ஓடுகிறது; காரணம் புரிவதற்குள் ‘இடைவேளை’ என்று எழுத்து விழுகிறது.

அறிமுகச் சண்டையும் பாட்டும் கூடாது என்று சொல்ல வரவில்லை. திருவிழாக் கூட்டம் மாதிரி வந்து உட்காரும் ரசிகருக்கு அது வேண்டும். அந்தச் சண்டைக்குள்ளேயே நாயகனின் தேவை ஒன்று இருந்தால் 6 நிமிடம் வீணாகாது. அவர் யாரை அடிக்கிறார், அடித்ததால் அவருக்கு என்ன பாதகம், அடி வாங்கியவன் யாருக்குச் சொந்தக்காரன் என்பது கதையில் பிறகு வட்டியோடு திரும்பி வர வேண்டும். பல படங்களில் அறிமுகச் சண்டையில் பறந்து விழுந்த 14 பேரும் அதன் பிறகு படத்தில் இல்லை.

ஓர் உதாரணம் சொன்னால் விளங்கும். கிராமத்து நிலத்தை வில்லன் அபகரிக்கும் கதை, அடிக்கடி வருவதுதான். வழக்கமான முறையில் பொக்லைன் வரும், பெண்கள் மண்ணில் புரண்டு அழுவார்கள், நாயகன் பின்னாலிருந்து நடந்து வருவார், இசை அதிரும், அடிதடி முடிந்து ஊரே கைதட்டும். பத்திரம் என்ன ஆயிற்று? யாருக்கும் தெரியாது. நிலம் யார் பேரில் இருக்கிறது என்ற அடிப்படைக் கேள்விக்குப் பதில் இல்லாமல் 12 நிமிடம் போயிருக்கும். அடுத்த காட்சியில் வில்லன் மறுபடி வந்தால் மறுபடி அடிப்பார் என்று ரசிகருக்குத் தெரிந்துவிட்டது. அங்கேயே அவர் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார்.

இதையே இப்படி எழுதிப் பார்க்கலாம். நாயகனின் சித்தப்பா நிலத்தை விற்கும் அதிகாரத்தை இன்னொருவருக்குத் தரும் பவர் பத்திரத்தை ரகசியமாக எழுதிக் கொடுத்து, நிலம் மூன்று மாதத்துக்கு முன்பே கைமாறிவிட்டது. சார் பதிவாளர் அலுவலகத்தில் சித்தப்பா கைரேகை வைப்பதை நமக்குக் காட்டியாயிற்று, நாயகனுக்குத் தெரியாது. ராத்திரி வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள். “நாளைக்கு ஒரு வில்லங்கம் போட்டுப் பாத்துடலாம்னு இருக்கேன் சித்தப்பா” என்கிறான் நாயகன். வில்லங்கச் சான்று எடுத்தால் நிலம் கைமாறியது தெரிந்துவிடும். சித்தப்பா, “அண்ணி, ரசம் இருக்கா?” என்று கேட்கிறார். அம்மா ரசம் ஊற்றுகிறாள். “எதுக்குடா இப்போ வில்லங்கம், நம்ம நிலம் நம்மகிட்டதானே இருக்கு” என்று சித்தப்பா ரசத்தைப் பிசைந்தபடி கேட்கிறார். “சும்மாதான். பேங்க்ல கேக்குறாங்க. நீங்களும் வர்றீங்களா?” மூன்று நிமிடக் காட்சி. ஒரு அறை, நான்கு நடிகர்கள், அரை கால்ஷீட். எடிட்டர் செய்ய வேண்டியதெல்லாம், நாயகன் பேசும்போதும் சித்தப்பாவின் கையை விட்டு அகலாமல் இருப்பது. கடைசிக் கேள்வி வந்ததும் உடனே முகத்துக்கு வெட்டாமல் இரண்டு வினாடி இலையிலேயே நிற்பது. பின்னணி இசை கூடாது. ‘நாளைக்குக் காலையில் என்ன ஆகும்’ என்ற கேள்வியை ரசிகர் தானே சுமந்துகொண்டு அடுத்த காட்சிக்கு வருவார். அதன் பிறகு பொக்லைன் வந்தாலும் சண்டை வந்தாலும், அடிபடுகிறவன் சித்தப்பாவின் வீட்டு ஆளாக இருப்பானோ என்று கூர்ந்து பார்ப்பார்.

‘கில்லி’ இன்றும் ஓடுவதற்கு இதுதான் காரணம் என்பது என் கணிப்பு. போலீஸ் அதிகாரியான அப்பா வெளியே யாரைத் தேடுகிறாரோ, அந்தப் பெண் அவர் வீட்டு மாடியிலேயே இருக்கிறாள். இது நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அப்பா மாடிப்படியில் கால் வைத்தாலே போதும், வேறு எஃபெக்ட் வேண்டாம். ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ தொடக்கத்தில் வரும் வடம் இழுக்கும் போட்டியைக் கலாட்டாவாக மட்டுமே பார்த்துக்கொண்டிருப்போம். கடைசியில் குகை வாசலில் கயிறு பிடித்து இழுக்கும்போது அந்த முதல் காட்சிக்குக் கணக்கு நேராகிறது. அங்கே கலாட்டாவும் வேலை செய்திருக்கிறது.

இரண்டாம் பாதி ஏன் படுக்கிறது என்பதற்குக் காரணம் அலுவலக அறையில் இருக்கிறது. நாயகனிடம் கதை சொல்லி கால்ஷீட் வாங்குவது பெரும்பாலும் அறிமுகமும் இன்டர்வெல் பிளாக்கும்தான். அந்த இரண்டும் மாதக்கணக்கில் டிஸ்கஷனில் உரு ஏறியிருக்கும். பிற்பாதியோ ‘ஒன் லைன் இருக்கு சார், ஷூட்டிங் போகும்போது டெவலப் பண்ணிக்கலாம்’ என்ற நிலையில் இருக்கும். ரிலீஸ் தேதியும் ஓடிடி ஒப்பந்தமும் கையெழுத்தானபின் டெவலப் பண்ண நேரம் ஏது? ஆகவே கையில் தயாராகக் கிடக்கும் சரக்கை எடுத்து நிரப்புகிறார்கள். அதில் முதலாவது ஃப்ளாஷ்பேக்.

ஃப்ளாஷ்பேக் என்பது நடந்து முடிந்த விஷயம். அங்கே வரும் நண்பனோ தங்கையோ சாகப்போகிறார் என்று அவர் சிரித்து நிற்கும் முதல் ஷாட்டிலேயே தெரிந்துவிடும். முடிவு தெரிந்த ஒன்றை 25 நிமிடம் பார்க்க வைக்க வேண்டுமென்றால், அதற்கு முன் ஒரு மணி நேரம் அதைப் பற்றிய பசியை உண்டாக்கியிருக்க வேண்டும். 1995-ல் வந்த ‘பாட்ஷா’வை இன்னும் மேற்கோள் காட்ட வேண்டியிருப்பதற்கு நாம்தான் வெட்கப்பட வேண்டும். தங்கையின் மருத்துவக் கல்லூரி சீட்டுக்காக நாயகன் அறைக்குள் போகிறார். கண்ணாடிக்கு அந்தப்புறம் அவர் கையசைவு தெரிகிறது, பேச்சு கேட்பதில்லை. எதிரே இருந்தவர் நடுங்குகிறார். கம்பத்தில் கட்டி வைத்து அடிக்கும்போது வாங்கிக்கொள்கிறார். இந்த ஆள் பம்பாயில் யாராக இருந்தார் என்ற கேள்வியை ரசிகர் கேட்டுக் கேட்டு உச்சத்துக்கு வந்தபின்தான் ஃப்ளாஷ்பேக் திறக்கிறது. இப்போதைய படங்களில் நாயகன் முதல் காட்சியிலேயே 14 பேரை வீசிவிடுகிறார். அவருக்கு ஒரு பயங்கரமான கடந்த காலம் உண்டு என்று பிற்பாதியில் சொன்னால், ‘அதான் தெரியுமே’ என்கிறது அரங்கம்.

வில்லன் பற்றித் தனியாகவே எழுதலாம். கோட்டு போட்டுக்கொண்டு கண்ணாடிக் கட்டடத்தில் நிற்கும் அவர் என்ன வியாபாரம் செய்கிறார் என்று அவரது அடியாட்களுக்கே தெரியாது. போதைப்பொருள், மருத்துவ மாஃபியா, தகவல் திருட்டு என்று ஏதோ ஒன்று. நாயகனை விட அவர் ஒரு படி முன்னால் யோசித்தால்தான் நமக்குப் பதற்றம் வரும். படத்துக்கு இரண்டு முறையாவது அவர் சரியான முடிவு எடுக்க வேண்டும். அவரோ நாயகனைப் பிடித்து வைத்துக்கொண்டு பேசுகிறார். போதாக்குறைக்கு, வேற்று மொழிச் சந்தைக்காகக் கொண்டுவரப்பட்ட நடிகர் அவர். ப்ராம்ப்ட் பண்ணுகிறவர் சொல்லச் சொல்ல உதட்டை அசைத்திருப்பார், சில வேளை ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணியிருப்பார். டப்பிங்கில் தமிழ் வசனம் ஒட்டாது. ஒட்டாத இடத்தை மறைக்க எடிட்டர் அவருடைய முதுகுக்கோ எதிராளியின் முகத்துக்கோ வெட்டுவார். நாயகனும் வில்லனும் நேருக்கு நேர் மோதும் காட்சியில், முகத்தைப் பார்க்க வேண்டிய வினாடியில் நாம் முதுகைப் பார்க்கிறோம். ரசிகர் இதை உதட்டசைவுக் குறை என்று கண்டுபிடிக்க மாட்டார். ‘வில்லன் வெயிட்டா இல்லை’ என்பார். நாயகியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, படத்திலும் அப்படித்தான்.

கால்ஷீட் கணக்கும் இதில் சேர்த்தி. ஒரு பெரிய சண்டைக்கு 10 முதல் 15 நாள், ஒரு பாட்டுக்கு ஐந்தாறு நாள் போகும். நான்கு சண்டை, நான்கு பாட்டு என்றால் நாயகன் கொடுத்த தேதிகளில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும். உறவும் பகையும் உருவாகும் பேச்சுக் காட்சிகளை மிச்ச நாட்களில் நாளுக்கு மூன்று என்று எடுத்துத் தள்ளுகிறார்கள். எல்லா நடிகர்களும் ஒரே நாளில் கிடைக்காவிட்டால் காம்பினேஷன் இல்லாமல், அம்மாவை ஒரு நாளும் மகனை இன்னொரு நாளும் எடுத்து ஒட்டுகிறார்கள். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ‘அம்மா சென்டிமென்ட் ஒர்க் ஆகல’ என்பது மட்டும் தெரியும்.

ஒலி விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் ‘கதை புரியவில்லை’ என்ற புகாரில் பாதி, வசனம் கேட்காததால் வருவது. தியேட்டர் ஒலி ப்ராசஸரில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகுக்கு ஃபேடர் என்று பெயர்; அதில் 7 என்பது அளவுகோல். மிக்ஸிங் அரங்கும் தியேட்டரும் அதே 7-ல் இருந்தால் கலவை செய்தவர் கேட்டது நமக்கும் கேட்கும். ஆனால் படங்கள் இரைச்சலாக வருவதால் ஆபரேட்டர் 5-க்கு இறக்கிவிடுகிறார். ஃபேடரில் ஒரு எண் என்பது ஏறத்தாழ 3.3 டெசிபல், இரண்டு எண் இறங்கினால் கிட்டத்தட்ட ஆறரை டெசிபல் போயிற்று. இசை இறங்கினாலும் கேட்கும். மெல்லப் பேசிய வசனம் ஏசி சத்தத்தில் அமுங்கிவிடும். இதைத் தெரிந்துகொண்டு அடுத்த படத்தில் இன்னும் ஏற்றி மிக்ஸ் செய்கிறார்கள், ஆபரேட்டர் இன்னும் இறக்குகிறார். ‘கங்குவா’ வெளியானபோது தலைவலிக்கிறது என்று ரசிகர்கள் சொல்ல, ஒலியை இரண்டு புள்ளி குறைக்கும்படி தயாரிப்பாளரே தியேட்டர்களைக் கேட்டுக்கொண்டார். குறைத்தபோது இசையோடு வசனமும் சேர்ந்தே குறைந்திருக்கும், வேறு வழியில்லை.

இரைச்சலால் இன்னொரு நஷ்டம் உண்டு. நாயகன் கார் கதவைத் திறப்பதற்கும் சிகரெட் பற்ற வைப்பதற்கும் அரங்கம் அதிர்ந்தால், 40 நிமிடத்தில் காது களைத்துவிடும். உண்மையிலேயே அதிர வேண்டிய கிளைமாக்ஸில் ஏற்றுவதற்கு இடமே மிச்சம் இருக்காது. ஆர்.ஆர். எனும் பின்னணி இசை போடும்போதே எந்த ஐந்து இடத்தில் முழு ஒலி என்று முடிவு செய்து, மற்றவற்றை அதற்குக் கீழே வைப்பது ஒன்றும் புதிய வித்தை இல்லை. இறுதி மிக்ஸை ஒரு முறை ஃபேடர் 5-ல் வைத்து, திரையைப் பார்க்காமல், வசனம் முழுக்கப் புரிகிறதா என்று கேட்டால் போதும். இரண்டரை மணி நேர வேலை.

கிராஃபிக்ஸ் அதிகமுள்ள படங்களில் எடிட்டர் பல மாதம் பச்சைத் துணியைப் பார்த்தே வெட்டுகிறார். அந்த ராட்சத மிருகமோ கப்பலோ எப்படி இருக்கும் என்று தெரியாததால், ‘இருக்கட்டும்’ என்று ஷாட்டை இரண்டு வினாடி நீளமாக விட்டு வைப்பார். முடிந்த ஷாட்டுகள் ரிலீஸுக்கு முந்தைய வாரம் வந்து சேரும். அப்போது நீளத்தைத் தொட்டால் இசையும் ஒலியும் கலைந்துவிடும். அப்படியே போகும். 300 ஷாட்டில் இரண்டிரண்டு வினாடி என்றால் 10 நிமிடம். இந்த 10 நிமிடம் எந்த ஒரு காட்சியிலும் கண்ணுக்குத் தெரியாது, படம் முழுக்கக் கனக்கும். வெளியானபின் செய்யும் 12 நிமிட வெட்டில் இது ஒரு வினாடியும் போகாது.

சமீபத்திய நோய் ஒன்று: இரண்டாம் பாகம். ‘இந்தியன் 2’, ‘கங்குவா’ இரண்டும் அடுத்த பாகத்துக்கு வழிகாட்டிவிட்டுத்தான் முடிந்தன. முதல் பாகத்தின் மையக் கேள்விக்கு அந்தப் படத்திலேயே பதில் சொல்லிவிட்டு, புதிதாக ஒரு கேள்வியைத் திறந்து வைப்பது வேறு. பதிலையே அடுத்த பாகத்துக்குத் தள்ளிவிட்டால், டிக்கெட் எடுத்தவர் பாதி சாப்பாட்டில் எழுந்தவர் ஆகிறார். இரண்டாம் பாகத்துக்கு என்று நல்ல காட்சிகளை ஒதுக்கி வைத்துவிட்டு முதல் பாகத்தை ஓட்டுவதும் நடக்கிறது.

இதையெல்லாம் வெளியீட்டுக்கு முன் பிடிக்க முடியும், பெரிய செலவும் இல்லை. காட்சிகளை வரிசையாக எழுதிய சீன் ஆர்டரை எடுத்து, ஒவ்வொரு காட்சிக்கும் எதிரே ஒரே ஒரு வரி எழுத வேண்டும்: இந்தக் காட்சி முடியும்போது யாருக்கு என்ன மாறியது? ‘நாயகனின் வீரம் தெரிகிறது’ என்பது பதில் அல்ல. மாற்றம் எதுவும் எழுத முடியாத காட்சிகள் அடுத்தடுத்து மூன்று வந்தால் அந்த இடத்தில் படம் நிற்கும் என்று இப்போதே எழுதி வைத்துக்கொள்ளலாம். பக்கத்தில் உத்தேச நிமிடத்தையும் போட்டுக் கூட்டினால், நாயகனின் தேவை எத்தனையாவது நிமிடத்தில் தெரிகிறது என்பது வந்துவிடும். அது 20-ஐத் தாண்டினால் ஷூட்டிங் போகக் கூடாது. ஒரு மதிய நேரம் உட்கார்ந்தால் முடிகிற வேலை.

அடுத்தது ரஃப் கட், அதாவது இசையும் கிராஃபிக்ஸும் சேராத முதல் தொகுப்பு. நம்மூரில் ப்ரிவ்யூ என்றால் நண்பர்கள், சொந்தக்காரர்கள், ஏற்கெனவே வாழ்த்துச் சொல்ல மனதைத் தயார் செய்துகொண்டு வரும் சக இயக்குநர்கள். இவர்களால் பயனில்லை. சினிமாவுக்குச் சம்பந்தமில்லாத 30 பேர் வேண்டும். வெவ்வேறு வயது, பாதிப் பேர் பெண்கள். பின்னணி இசை போடாமல், கிராஃபிக்ஸ் வராத இடத்தில் எழுத்துக் கார்டு வைத்துப் போட்டுக் காட்ட வேண்டும். இசை இருந்தால் ஓட்டை தெரியாது. செல்போன்களை வாங்கி வைக்கக் கூடாது, அதுதான் அளவுமானி. ஓர் உதவி இயக்குநர் பக்கவாட்டில் உட்கார்ந்து, எந்த நிமிடத்தில் எத்தனை திரை ஒளிர்கிறது என்று குறித்துக்கொண்டே வர வேண்டும். இடைவேளையில், ‘இனி என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்?’ என்று எழுதி வாங்க வேண்டும். 30 பேரும் ஒரே பதிலை எழுதி, அதுவே படத்திலும் நடந்தால் ஒரு சிக்கல். ஒருவருக்குமே எழுத ஒன்றும் இல்லை என்றால் அது பெரிய சிக்கல், ஏனென்றால் எதிர்பார்க்க எதையும் நாம் கொடுக்கவில்லை. படம் முடிந்து ‘பிடித்ததா’ என்று கேட்காமல், கதையைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் போதும். எந்த இடத்தில் ‘அப்புறம் ஏதோ ஆகி...’ என்று இழுக்கிறார்களோ அங்கே ஒரு காட்சி குறைகிறது.

ஆம், குறைகிறது. பல படங்களுக்கு வெட்டுவதைவிடச் சேர்ப்பதுதான் மருந்து. அம்மாவும் மகனும் நிஜமாகவே எதிரெதிரே உட்கார்ந்து பேசும் இரண்டு நிமிடக் காட்சி ஒன்று, அதற்குப் பின் வரும் 8 நிமிடச் சண்டையைச் சுருக்காமலேயே சுருக்கிக் காட்டும். அதற்குத்தான் நாயகனின் தேதிகளில் ஐந்து நாளை ரஃப் கட்டுக்குப் பிறகு பேட்ச் ஒர்க்குக்கு (விடுபட்ட காட்சிகளை எடுத்துச் சேர்க்கும் படப்பிடிப்புக்கு) என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வைக்க வேண்டும். கெட்டப் கலையாமல் இருக்கும்போதே இது நடந்தாக வேண்டும். தாடியை எடுத்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டால் ஒட்டுத் தாடி காட்டிக் கொடுத்துவிடும். ஐந்து நாள் செலவு, ஒரு சண்டைக் காட்சியின் செலவில் பாதிகூட வராது.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். திரை விமர்சனத்தின் முடிவில் படத்தின் நீளத்தையும், எந்தத் தேதியில் எந்தக் காட்சி பார்க்கப்பட்டது என்பதையும் ஒரு வரியில் போடலாம். முதல் நாள் பார்த்து எழுதிய விமர்சனத்தை ஐந்தாம் நாள் படிக்கிறவர் பார்ப்பது வேறு தொகுப்பாக இருக்கக்கூடும். தயாரிப்பாளர் தரும் விளம்பரத்தில் ‘குறைக்கப்பட்ட புதிய தொகுப்பு’ என்று வந்தால், எத்தனை நிமிடம், எந்தக் காட்சியிலிருந்து அமல் என்பதையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். தியேட்டரில் படம் எந்த ஃபேடர் அளவில் ஓடுகிறது என்பதை உங்கள் விமர்சகர் ஆபரேட்டரிடம் கேட்டு எழுதினால், மிக்ஸிங் அரங்கில் இருப்பவர்கள் அந்த வரியை முதலில் படிப்பார்கள்.

இப்படிக்கு,
படத்தொகுப்புத் துறையைச் சேர்ந்த ஒரு வாசகர்,
சாலிகிராமம், சென்னை-93.